என் கதாநாயகி படியேறக் கற்றது

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. சென்னையில் வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் ஓவியராக இருந்த என்னை அப்போதுதான் ஒரு விளையாட்டுக்கு இயக்குநராக்கியிருந்தார்கள். குழுவில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் கதாநாயகி மலைக்கிராமத்துப் பெண். பூதம் துரத்த, படிகளில் ஏறித் தப்பிக்க வேண்டும். அவளுக்கு அசைவு கொடுத்த பையன்களோ இடுப்பை ஒடித்து, கூந்தலைப் பறக்கவிட்டு, அழகிப் போட்டிக்குப் போகிறவள்போல ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவள் இப்படியா ஓடுவாள் என்று கேட்டால், “கேம்னா அப்படித்தான் மேடம்” என்று சிரிப்பார்கள். நான் திருத்திக் கொடுப்பேன். மறுநாள் பார்த்தால் இடுப்பு மறுபடி ஒடிந்திருக்கும். வாடிக்கையாளருக்குக் காட்டும் நாள் நெருங்கியது. அதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி ஜாடையாகச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சொந்த ஊர் திருத்தணி. ஆடிக் கிருத்திகைக்குப் போனபோது அலுவலகத்து வீடியோ கேமராவையும் எடுத்துப்போனேன். வீட்டில் வேறு எரிச்சல். வந்த உறவுக்காரர்களிடமெல்லாம் நைனா, அதாவது என் அப்பா, “பொண்ணு கம்ப்யூட்டர்ல டைப் அடிக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் முருகன் கோயில் மலைப்பக்கம் கிளம்பிவிட்டேன்.

படிக்கட்டு ஓரமாக நின்று, காவடி எடுத்து ஏறும் பெண்களைப் படம்பிடித்தேன். வெகுநேரம் கழித்து, கோயில் தொண்டர் பேட்ஜ் குத்திய ஒருவர் குறுக்கே வந்து நின்றார்.

“இன்னாமா, பொம்பளைங்கள எதுக்குப் படம் புடிச்சிகினு கீற?”

“வீடியோ கேமுக்குண்ணா. அதுல ஒரு பொண்ணு படி ஏறணும்.”

“எந்த டிவில வருது?”

டிவி இல்லை, கம்ப்யூட்டர் என்றேன். கம்ப்யூட்டரில் எதற்குப் படி என்றார். கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு சந்தேகம். கேசட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்றார் அவர். நான் கேமராவை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

காவடி செலுத்திவிட்டு இறங்கிவந்த ஒரு அம்மா அங்கே நின்றார். மஞ்சள் சேலை, நெற்றி நிறைய விபூதி. நான் முதலில் படம்பிடித்தது அவரைத்தான். விஷயத்தைக் கேட்டவர் கேமராவின் குட்டித் திரையில் தன்னைப் பார்த்தார்.

“ஐய, நானா இது? முட்டியப் புடிச்சிகினு இல்ல ஏறுறேன்!”

“அதான்கா எனக்கு வேணும்.”

அவர் தொண்டரிடம் திரும்பினார். “என்னத்தான எடுத்துது? எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, நீங்க போங்க.” பிறகு என்னிடம், “அந்தப் பொண்ணு எதுக்கு ஏறுது?” என்றார்.

“பூதம் துரத்துதுக்கா.”

“அப்போ இப்படி ஏறாதும்மா. முருகனுக்கு ஏறிட்டேன், உனக்கு ஒரு வாட்டி ஏறுறேன், எடு.”

சேலையைத் தூக்கி இடுப்பில் இழுத்துச் செருகினார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாவி ஏறினார். மூச்சு வாங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று, மறுபடி ஓடினார். கூட்டம் சிரித்தது. நான் படம்பிடித்தேன். ஊருக்குப் போகும் கனகம்மாசத்திரம் பஸ் போய்விடும் என்று அந்த அம்மா அவசரமாக இறங்கிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அலுவலகத்தில் அதைப் போட்டுக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. “இப்படியே செய்யுங்க, இடுப்பைத் தொட்டா நான் ஒத்துக்க மாட்டேன்” என்றேன். செய்தார்கள். வாடிக்கையாளருக்குப் பிடித்துப்போனது. அருமையான வேலை என்று கைகொடுத்தார்; எனக்கில்லை, பக்கத்தில் நின்ற என் உதவியாளருக்கு. இயக்குநர் இவர்தான் என்று அந்தப் பையன்தான் என்னைக் காட்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ விளையாட்டுகளை இயக்கிவிட்டேன். என் வேலை என்னவென்று விளக்கி விளக்கி இப்போதும் சலித்துப்போகும் நாட்களில், அது என்னவென்று துளியும் புரியாமலே எனக்காக இன்னொரு முறை மலையேறிய அந்த அம்மாவை நினைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைத் தொடங்குகிறேன்.