இணைப்பில் இருக்கவும், மீட்டர் ஓடும்

கொமினிகேஷன் கடை நடத்துபவனுக்கு அடுத்தவர் அவசரம்தான் வருமானம். யுத்தம் முடியாத அந்த வருஷங்களில் மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே நானும் ஒரு கடை வைத்திருந்தேன். கண்ணாடிக் கூண்டு, ஒரு போன், சிவப்பு எழுத்தில் காசு ஏறும் மீட்டர். கைப்போன் பரவிய பிறகு என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர், கைப்போன் வேலை செய்யாமல் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு முறையிட வந்தவர்கள். அந்த இலக்கங்களில் காத்திருந்து காது சிவந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் புலம்பல் உங்களுக்காவது புரியும்.

பாட்டுக் கச்சேரி

நஸீர் நானா தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுபவர். கைப்போனுக்குக் காசு போடும் ரீலோட் கார்டை அவசரத்தில் சுரண்டியதில் இலக்கமும் சேர்ந்து போய்விட்டது. கம்பனிக்குப் போன் எடுத்து, தமிழுக்கு இரண்டை அழுத்தினார். வயலின் வாசித்தார்கள், "தொடர்ந்து இணைப்பில் இருக்கவும்" என்றார்கள், மறுபடி வயலின். சிங்களத்துக்குச் சட்டென்று ஆள் கிடைக்கும். தமிழுக்கு மொத்தமே ஒரு பிள்ளைதான் போல. ஆள் வருமுன்பே மீட்டர் கார்டின் விலையைத் தாண்டிவிட்டது. நானா வெளியே வந்து காசை மேசையில் போட்டார்.

"பாட்டுக் கேக்கவா தம்பி நான் வந்த? இந்தக் காசுக்கு ரேடியோவே வாங்கியிருப்பேனே!"

வர்ற கோல்

செல்லம்மா அக்கா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மகள் குவைத்தில் வீட்டு வேலை. எஜமானி மனம் வைத்து போனைக் கொடுக்கும்போது மட்டும் அம்மாவுக்குக் கோல் எடுப்பாள். அது எந்த வீடு, எந்த இலக்கம் என்று அக்காவுக்குத் தெரியாது. அனுப்பிய ஏஜன்சிக்காரனும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். தாயையும் மகளையும் சேர்த்து வைத்திருந்தது அக்காவின் கைப்போன் இலக்கம் ஒன்றுதான். அந்தப் போன்தான் இப்போது ஊமையாகிவிட்டது.

கம்பனிக்கு எடுத்துக் கொடுத்தேன். மீட்டர் ஏறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், வைத்துவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்றேன். "இருங்கன்னு இம்புட்டு தன்மையா சொல்லுதே அந்தப் புள்ள, பட்டுனு வைக்கலாமா?" என்று நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஆள் வந்தது. மாதக்கணக்காகக் காசு போடாததால் இலக்கம் ரத்தாம். திரும்பத் தர முடியாதாம். அக்கா போனைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"நான் யாருக்கும் எடுக்கலீங்களே தம்பி, அவதானே எடுப்பா. வர்ற கோலுக்கு எதுக்குங்க காசு?"

சட்டம்

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நுகர்வோரைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறதே, வெட்டுமுன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? என் செலவிலேயே கொழும்பில் முறைப்பாடு எடுக்கும் அலுவலகத்துக்கு அடித்தேன். நல்ல வேளை, பேசிய அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழர், பொறுமையாகக் கேட்டார். பில் இருக்கிறதா, சிம் யார் பெயரில் என்றார். கடைவீதியில் கைமாறி வந்த சிம்; யார் பெயரில் என்று விற்றவனுக்கே தெரியாது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட நன்மைக்குச் சொல்லுறன், ஆற்றையோ பேரில சிம் வச்சிருந்தவா எண்டு எழுதிக் குடுத்திடாதேங்கோ. யுத்த நேரம், எங்களுக்கு முதல் பொலிஸ் வந்து நிக்கும்."

பல்லேகமைக்காரர்

அதற்குப் பிறகு சம்பள நாட்களில் டவுனுக்கு வரும்போதெல்லாம் அக்கா கடைக்குள் எட்டிப் பார்ப்பார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒருநாள் அவர் முன்னாலேயே அந்தப் பழைய இலக்கத்தை அடித்தேன். மணி போனது! கம்பனி அதை வேறொருவருக்கு விற்றிருந்தது. எடுத்தவர் பல்லேகமைப் பக்கம் வயலில் யானை இறங்காமல் காவல் இருக்கும் விவசாயி, சிங்களம் மட்டும் தெரிந்தவர். விஷயத்தைச் சிங்களத்தில் சொல்லி, வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் எடுத்தால் என் கடை இலக்கத்தைச் சொல்லும்படி கெஞ்சினேன்.

அக்கா கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லேகமைக்காரர் சொன்னதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எத்தனையோ தடவை எடுத்தா மாத்தயா, ஒரே அழுகை. அம்மாங்கிற சொல் மட்டும்தான் எனக்கு விளங்கிச்சு. தப்பான நம்பர்னு சொல்லிச் சொல்லி வச்சேன். போன மாசத்தோட அவ எடுக்கிறதை விட்டுட்டா."

வாங்கும் சாமானுக்கெல்லாம் உத்தரவாதம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மகள் கூப்பிட்டால் எடுப்பது அவள் அம்மாவாகத்தான் இருக்கும் என்பதற்கு மட்டும் எந்தப் பிரிவிலும் உத்தரவாதம் இல்லை.