கச்சான் மாதத்தில் காட்டிய வீடு

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த காலத்தில், வீடு தேடி வந்தவர்களுக்கெல்லாம் அருமைநாயகம்தான் கதி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. அதன் வாசலில் கிடந்த ஸ்டூல்தான் அவருக்கு ஆபீஸ். சொந்த ஊர் சாயர்புரம். ஒரு பஞ்சுப் பேட்டையில் இருபது வருஷம் எடை குமாஸ்தாவாக இருந்தவர், பேட்டையை மூடியதும் வீட்டுத் தரகுக்கு வந்துவிட்டார். வந்த நேரம் நல்ல நேரம். துறைமுகத்துக்கும் உரத் தொழிற்சாலைக்கும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் ஊரில் வீடு இல்லை.

அருமைநாயகம் பொய் சொல்லமாட்டார் என்று ஊருக்குள் ஒரு பேர் உண்டு. போகிற வீட்டிலெல்லாம் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். "இதுல பருப்பு வேகாது சார், நல்ல தண்ணி வெலைக்குத்தான் வாங்கணும்" என்று வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே சொல்லுவார். ஓடு ஒழுகுவது, அடுத்த வீட்டுக்காரியின் வாய் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுவார். சர்ச் சபைக் கமிட்டியில் வேறு இருந்தார். அந்தப் பேரில் அவருக்குக் கர்வம். கர்வம் என்றால் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரே ஒரு தெரு விஷயத்தில் மட்டும் அவர் வேறு மாதிரி. கடற்கரையை ஒட்டிய தெரு. ஏழு காரை வீடுகள், வாடகையும் மலிவு. தெரு முடிகிற இடத்தில், கிழக்கே, கருவாடு காயப்போடும் களம். வைகாசி முதல் புரட்டாசி வரை கச்சான் காற்று மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு கடலைப் பார்த்து வீசும். கருவாட்டு வீச்சமும் அதோடு கடலுக்குப் போய்விடும். ஐப்பசியில் காற்று கிழக்கேயிருந்து வீசும் கொண்டலாகத் திரும்பும். மழையில் நனைந்து அரைகுறையாகக் காயும் கருவாட்டின் மேல் விழுந்து நேரே தெருவுக்குள் வரும். அப்புறம் நாலு மாதம் அந்தத் தெருவில் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

அந்த வீடுகளை அருமைநாயகம் கச்சான் வீசும் மாதங்களில்தான் காட்டுவார். வெளியூர்க்காரர்கள் காற்றைப் பற்றிக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன் என்று தன் மனசுக்குச் சமாதானம் வைத்திருந்தார். அட்வான்ஸ் கொடுத்துக் குடி வந்தவர்களும் வேறு போக்கிடம் இல்லாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் வைகாசியில் ஜகந்நாதன் வந்தான். தென்திருப்பேரை ஐயங்கார்ப் பையன். துறைமுக ஆபீசில் கிளார்க். கல்யாணமாகி நாலு வருஷம். மனைவி குமுதவல்லிக்கு இரண்டு தடவை கரு தங்கி, இரண்டும் கலைந்துவிட்டது. இனிமேல் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் தூத்துக்குடிக்கே மாற்றல் கேட்டு வாங்கியிருந்தான். இதையெல்லாம் அவனே அருமைநாயகத்திடம் சொன்னான். அருமைநாயகம் கேட்டுக்கொண்டு அந்தத் தெருவில் மூன்றாம் வீட்டைக் காட்டினார். கச்சான் ஹோவென்று அடித்துக்கொண்டிருந்தது. கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் சுமார்தான் என்று உண்மையைச் சொன்னார். இவ்வளவு நேர்மையான தரகரா என்று ஜகந்நாதனுக்கு ஆச்சரியம்.

ஐப்பசி இரண்டாம் வாரம் அவன் சைக்கிள் கடைக்கு வந்தான். ஆளே பாதியாகியிருந்தான்.

"அண்ணாச்சி, ஆத்துக்காரிக்கு இப்போ அஞ்சாம் மாசம். பத்து நாளா பச்சத் தண்ணிகூட வயித்துல நிக்கல. அந்தக் கருவாட்டு நாத்தம் மூக்குல ஏறினா எல்லாத்தையும் வாந்தி எடுத்துடறா. ரெண்டு தடவை குளுக்கோஸ் ஏத்தியாச்சு. இப்படியே போனா கொழந்த தங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டா. பஸ்ஸுல ஊருக்கும் கூட்டிண்டு போகப்படாதாம். வேற வீடு ஒண்ணு பாருங்கோ." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "நீங்க காட்டறச்சே இந்த நாத்தமே இல்லையே. இப்போ புதுசா கருவாடு போட ஆரம்பிச்சுட்டாளா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. நம்பிக் கேட்டான்.

"ஆமா சார்," என்றார் அருமைநாயகம். "புதுசாத்தான் போடுதான்."

அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி ஞானபாய் விடாமல் கேட்கவே, நடந்ததைச் சொன்னார். "இத்தன வயசுக்கு இன்னைக்குத்தாம்ளா ஒரு பொய் சொல்லியிருக்கேன்" என்றார்.

ஞானபாய் குழம்புச் சட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "இன்னைக்கா சொன்னிய? அஞ்சு வருசமா வைகாசிக்கு வைகாசி சொல்லிக்கிட்டுத்தான இருக்கிய."

அவருக்குச் சுருக்கென்றது. சட்டையை மாட்டிக்கொண்டு வீடு தேடப் புறப்பட்டார். நாலு நாள் சைக்கிளை மிதித்தார். காலியாக இருந்ததே மூன்று வீடுதான். பலசரக்கு வியாபாரி வன்னியபெருமாள் தன் மாடியைத் தரமாட்டேன் என்று அடித்துச் சொல்லிவிட்டார். "புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு வீடு மாறக்கூடாதுன்னு ஒமக்குத் தெரியாதா அண்ணாச்சி? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்க வீட்டு ராசியத்தான் சொல்லுவாவ." மற்ற இரண்டு வீட்டிலும் அதே பேச்சு. குழந்தை பிறந்த பிறகு வரச் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள், குமுதவல்லியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக ஜகந்நாதன் வந்து சொன்னான். இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் அதே தெருவுக்குத்தான் போக வேண்டும். அருமைநாயகம் "எங்க வீடு இருக்கு சார்" என்றார். ரயில் பாதைக்கு மேற்கே, இரண்டு அறையும் அடுக்களையும் உள்ள அவருடைய சொந்த ஓட்டு வீடு. "நாங்க கறி மீன் பொழங்கின வீடுதான். வெள்ளையடிச்சுத் தாரேன். உங்க முறைப்படி என்ன செய்யணுமோ செஞ்சுக்கிடுங்க. நாங்க உங்க வீட்டுக்குப் போயிருதோம்."

ஜகந்நாதன் தயங்கினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த குமுதவல்லி தயங்கவில்லை. "எந்த ஆத்துல இருந்தா என்ன, ஒரு வாய் மோர்சாதம் தங்கினாப் போறும்" என்றாளாம்.

ஞானபாய்க்குத்தான் ஆத்திரம். இருபத்திரண்டு வருஷம் புழங்கிய வீடு. இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. பேசாமலே மீன் சட்டிகளை எடுத்துக் கட்டினாள். அடுக்களைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஆளை நம்பாமல் தானே மட்டையை வாங்கிக்கொண்டாள். கருவாட்டுத் தெருவுக்குக் குடிபோன முதல் நாள் முந்தானையை மூக்கில் வைத்தவள், எடுக்கவே ஒரு மாதம் ஆயிற்று.

ஊரெல்லாம் அருமைநாயகத்தைப் புகழ்ந்தது. யாருக்கோ சொந்த வீட்டையே கொடுத்த மனுஷன் என்று சபையில் போதகர் ஐயர் ஜெபத்திலேயே சொன்னார். முன்பெல்லாம் இப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் ஒரு வாரத்துக்குத் தாங்கும். இப்போது அவர் குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட, எங்கே அந்தக் குழந்தை தங்காமல் போய்விடுமோ என்ற பயம். வாரம் இரண்டு தடவை ரயில் பாதையைத் தாண்டிப் போய், வாசலில் நின்றபடியே "சாப்பிடுதாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

பங்குனியில் பெண் பிறந்தது. சுகப் பிரசவம். புண்ணியாகவாசனம் முடிந்து, செங்கமலவல்லி என்று பேர் வைத்த பிறகு, ஜகந்நாதன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினான். உள்ளே உட்காரவைத்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். குமுதவல்லி கன்னம் பூரித்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"பகவானாப் பாத்து உங்களைக் கொண்டுவந்து விட்டார். இவ இருக்கறதே உங்களாலதான்" என்றாள்.

அருமைநாயகம் தொன்னையைக் கீழே வைத்தார். இதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அந்தக் களம் புதுசு இல்ல. எனக்குத் தெரிஞ்சு இருவது வருசமா அங்கனதான் காயுது. காத்து அந்தப் பக்கம் அடிக்கிற மாசமாப் பாத்துத்தான் உங்களக் கூட்டிட்டுப் போனேன். சார் கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

ஜகந்நாதன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் திட்டுவாள், குறைந்தது முகத்தையாவது திருப்பிக்கொள்வாள் என்று அருமைநாயகம் காத்திருந்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது. குமுதவல்லி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"எங்களுக்கு முன்னாடி அந்த ஆத்துல யார் இருந்தா?" என்று கேட்டாள்.

"கோவில்பட்டிப் பக்கத்து வாத்தியார் ஒருத்தரு. சம்சாரமும் ஒரு புள்ளையும்."

"ஏன் காலி பண்ணினா?"

"புள்ளைக்கு இளைப்பு. ராத்திரியெல்லாம் இழுத்துக்கிட்டே இருக்கும்னு சொன்னாவ."

"அவாளுக்கு யார் தன் ஆத்தைக் கொடுத்தா?"

வாத்தியார் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிய அன்றைக்கு, சாவியை வாங்கிக்கொள்ள அருமைநாயகம்தான் போயிருந்தார். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்றுகூட விசாரிக்கவில்லை.