வலப்பக்கம் வந்த ஸ்டியரிங்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் லேத்து அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. பம்பு செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் இரும்பு கடையும் லேத்தில் நின்றவள். தொழிற்சாலையை மூடியபோது, தான் ஓட்டிய மெஷினையே ஏலத்தில் எடுத்து ஒரு தகரக் கொட்டகையில் இறக்கினாள். "என்னை விட்டுட்டுக்கூட இருந்துடுவா, அதை விட்டுட்டு இருக்க மாட்டா" என்று பஸ் ஓட்டும் அவள் கணவன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வான்.

கொட்டகைக்கு வந்ததெல்லாம் சில்லறை வேலை. தேய்ந்த புஷ், உடைந்த போல்ட். முழு வண்டியை நம்பி யாரும் அவளிடம் விட்டதில்லை.

அவளுடைய நாற்பத்தெட்டாம் வயதில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றி வந்தார். இரண்டே இருக்கை, இடுப்புக்கும் எட்டாத உயரம், ஐம்பது வருஷப் பழசு. வெளிநாட்டிலிருந்த அவருடைய அண்ணன் வைத்திருந்தது. அண்ணன் இறந்தபின் கப்பலில் வந்து சேர்ந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கம் மாற்றினால்தான் இங்கே பதிவு செய்வார்கள்.

"மூணு பெரிய கராஜ்ல கேட்டுட்டேன்மா. கை வைக்கவே மாட்டேங்கிறாங்க. வலப்பக்கத்துக்கான சாமானே இந்த மாடலுக்கு வந்ததில்லையாம்."

"வரலன்னா செய்ய வேண்டியதுதான் சார்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் குனிந்து காருக்கடியில் பார்த்தாள்.

முதல் வாரம் அளவெடுப்பதிலேயே போனது. பெடல்களை நகர்த்தினாள். டாஷ்போர்டை இடவலம் மாற்றி வெட்டினாள். வலப்பக்கம் குறுக்கே நின்ற புகைக்குழாயை வளைத்து வேறு வழியில் விட்டாள். கடைசியாக, முன்சக்கரங்களைத் திருப்பும் பல்கம்பி. ஸ்டியரிங் தண்டு வந்து சேரும் பல்சக்கரம் அதன் இடது முனையில் இருந்தது. கம்பியை முனை மாற்றிக் குப்புறக் கவிழ்த்துப் போட்டதும் அது வலது முனைக்கு வந்துவிட்டது. கச்சிதமாகப் பொருந்தியது. பெருமை தாங்காமல் கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

அவர் வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார். முன்சக்கரங்கள் ஜாக்கியில் தொங்கின.

"திருப்புங்க சார்."

அவர் வலப்பக்கம் திருப்பினார். சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பின.

மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்திருந்த கணவன்தான் வாயைத் திறந்தான். "கொஞ்ச நாள் ஓட்டினா பழகிடும் சார்."

அவள் சிரிக்கவில்லை. "தப்பு என்னுதுதான் சார். பல்லைக் கவுத்தா திசையும் கவுந்துடும்னு எனக்குத் தோணியிருக்கணும்."

"டயம் எடுத்துக்கோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

இரண்டு நாள் கார் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் வேறொரு வேலைக்காக மெஷினின் மூடியைத் திறந்தபோது, உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்துச் சுழல்வதைப் பார்த்தாள். பல வருஷமாகப் பார்ப்பதுதான். தலைகீழானதை இன்னொரு தடவை தலைகீழாக்கினால் போதும். தண்டின் நடுவே ஒரே அளவில் இரண்டு பல்சக்கரம்.

அவள் வெட்டிய முதல் ஜோடியில் மயிரிழை ஆட்டம் இருந்தது.

"இவ்வளவு ஆட்டம் யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் கணவன்.

"உங்க பஸ்ல இருந்தா எடுப்பீங்களா?"

அவன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான். மூன்றாவது ஜோடியில்தான் அவள் மனசு ஒத்துக்கொண்டது.

இடப்பக்கத்தில் பழைய தண்டு நுழைந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைக்கும் நாளில் கண்ணாடிக்கடைக்காரரும் வந்திருந்தார். அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் அங்க இருந்தப்ப அண்ணன்தான் ஓட்டுவான். நான் பக்கத்துல உட்கார்ந்து வருவேன். ஒரு நாள்கூட சாவியைக் கையில குடுத்ததில்ல."

"கோவமா சார்?"

"கோவம்தான். அதுக்காகவே அஞ்சு வருஷம் பேசல. இப்ப நான் உட்கார்ந்த இடத்துக்கே ஸ்டியரிங் வருது. சந்தோஷப்படணும்னு பாக்குறேன், வரமாட்டேங்குது."

அவள் வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு அடைக்கட்டுமா?"

"இல்லம்மா. அடைச்சுடு."

தகடு ஆறும் வரை பக்கத்திலேயே நின்றுவிட்டுப் போனார்.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி காருக்கடியில் படுத்து, அரைமணி நேரம் அந்தப் பல்சக்கரப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார்.

"எங்க வாங்கினது?"

"வாங்கலீங்க. நானே வெட்டினது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வருஷா வருஷம் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதமே, கை வைக்க மறுத்த கராஜ்களில் ஒன்று அவளிடம் ஒரு வண்டியை அனுப்பியது. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். அடிச்சட்டமெல்லாம் துரு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் அவளைக் காரில் ஏற்றி ஊரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல் உரசுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றார் இறங்கும்போது.

"ரோட்டையே பாக்கல சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப ஏறு. இன்னொரு ரவுண்டு போவோம்."