பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

கல்கத்தாவில், லேக் கார்டன்ஸ் ரயில்வே கேட் மூடியிருக்கிறதா என்று கேட்டால் அனந்தலக்ஷ்மி மாமி உடனே பதில் சொல்லமாட்டாள். கைவேலையை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்து, திரும்பி வந்துதான் சொல்வாள். குழாயில் தண்ணீர் வந்ததா என்றால் கீழே இறங்கிப் போய்த் திறந்து பார்ப்பாள்.

"மாமிகிட்ட பேர் கேட்டாக்கூட ரேஷன் கார்டைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவா" என்று மாடி வீட்டு ஷ்யாம் கேலி செய்வான்.

"பின்னே? அதுல தப்பா அடிச்சிருக்கானோ என்னமோ" என்பாள் மாமி, சிரித்துக்கொண்டே.

போன தை மாதம் மாமி காலமானதோடு அந்தக் கேலிக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. டல்ஹௌசியில், கப்பல் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவள் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். கம்பெனியின் பட்டறை கிடர்பூரில். அங்கே இருந்த ஒரே போன் மேனேஜர் அறையில். தொழிலாளியின் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் போனில் யாரும் கூப்பிட முடியாது, மேனேஜர் கடிந்துகொள்வார். அதனால் பெண்கள் தெருமுனை பூத்திலிருந்து டல்ஹௌசிக்குப் பேசுவார்கள். மாமி பட்டறைக்குச் செய்தியைச் சொல்லி, ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்து, அதே பூத்துக்குத் திரும்பக் கூப்பிட்டு "சொல்லியாச்சு" என்பாள். இது அவள் வேலையில் சேர்ந்தது இல்லை. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு செய்தியைக்கூட அவள் விட்டதில்லை.

அப்படிப் பேசுகிறவர்களில், மாமியை வங்காள வழக்கப்படி அக்கா என்று சேர்த்து 'லக்ஷ்மிதி' என்று கூப்பிடும் மினதி ஒருத்தி. கிரேன் பிரிவில் வேலை செய்த நிமாயின் மனைவி. மாமி எதைச் சொன்னாலும் அவள் "ஷோத்தி?" என்று ஒருமுறை கேட்பாள். நிஜமாகவா என்று பொருள். சந்தேகப்பட்டு இல்லை, பழக்கம். மாமியும் "ஷோத்தி" என்று சொன்னால்தான் போனை வைப்பாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது.

தொண்ணூற்றேழாம் வருஷ மழைக்காலத்தில் பட்டறையின் பெரிய கிரேன் ஒருநாள் பாரத்தோடு சறுக்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கம்பிக்கயிற்றை வெளி எஞ்சினியர் வந்து சோதிக்காமல் அதன் கீழே நிற்கமாட்டோம் என்று தொழிலாளிகள் சொல்லிவிட்டார்கள். கரையில் ஒரு கப்பல் காத்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் சேர்மன் டெலிபோன் அறைக்கே வந்தார். அதற்கு முன் அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. மாமி எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லி, "உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். மாமாவுக்கு மாரடைப்பு வந்தபோது தன் காரை அனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர். மாமி அதை மறக்கவில்லை. பிறகு அவர் சொன்னார்: "இன்ஸ்பெக்ஷன் முடிந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டுப் பெண்கள் கேட்டால் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னால் நம்பமாட்டார்கள், நீங்கள் சொன்னால் நம்புவார்கள்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள்.

"ஏன்னா, கேட்டேளா? சேர்மனே வந்து சொன்னார். நான் சொன்னா நம்புவாளாம்."

"அப்போ இனிமே நானும் நம்பறேன்" என்றார் குருமூர்த்தி மாமா. "காபி இருக்குன்னு சொல்லு பார்ப்போம்."

மறுநாள் மினதி கூப்பிட்டாள். "லக்ஷ்மிதி, இவர் போகமாட்டேங்கிறார். பார்த்தாச்சுன்னு சொல்றாங்களே, ஷோத்தி?"

"ஷோத்தி. நிமாயைத் தைரியமா போகச் சொல்லு."

அதே வாரம் கயிறு அறுந்தது. நிமாய் அங்கேயே இறந்துபோனான். வேறு இருவருக்குக் கால் போயிற்று. எந்த எஞ்சினியரும் வந்திருக்கவில்லை என்பது அன்று சாயங்காலமே பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் சேர்மன் அவளை அறைக்கு அழைத்தார். குரலில் கடுமை இல்லை. "இன்ஸ்பெக்ஷன் நடக்கப் போகிறது என்றுதான் நான் சொன்னேன். உங்களுக்குத் தவறாகக் காதில் விழுந்திருக்கலாம். மனிதர்களுக்கு நடப்பதுதான். உங்களை யாரும் ஒன்றும் செய்ய விடமாட்டேன்."

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"பெரிய இடத்து சமாசாரம், லக்ஷ்மி. நமக்கு எதுக்கு வம்பு? அவர் கார் மட்டும் வரலேன்னா இன்னிக்கு நான் இப்படி உக்காந்து பேசிண்டிருப்பேனா?"

"அதான்னா எனக்கும் புரியலே. உங்களுக்குக் கார் அனுப்பின அதே மனுஷன்தானே இவர்?"

மாமா தட்டைத் தள்ளி வைத்தார். "சரி, நோக்கு எது தோணறதோ அதைச் சொல்லு" என்றார்.

விசாரணையில் சேர்மன் துக்கமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார். சோதனை முடியும்வரை வேலை செய்ய வேண்டாம் என்றுதான் நிர்வாகம் சொல்லியிருந்தது, ஒரு ஆபரேட்டரின் பொறுப்பில்லாத பேச்சை நம்பித் தொழிலாளிகள் உள்ளே போய்விட்டார்கள் என்றார் கம்பெனி வக்கீல். மாமி எழுந்தாள். "சொன்னது நான்தான். எனக்குச் சொன்னது சேர்மன். முடிஞ்சுடுத்துன்னுதான் சொன்னார், நடக்கப்போறதுன்னு இல்லே" என்றாள். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டாள். பிறகு அதையே இங்கிலீஷில் இன்னொருமுறை சொன்னாள். சேர்மன் வந்து சொன்ன அன்று டெலிபோன் அறையில் வேறு யாரும் இருக்கவில்லை. சேர்மன் இல்லை என்பதுபோல் தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். அது போதுமாக இருந்தது.

வெளியே வராந்தாவில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண் நின்றிருந்தாள். பேசிய பிறகுதான் மினதி என்று தெரிந்தது.

"சேர்மன் சொன்னாராம், சேர்மன் சொன்னாராம். அவர் மூஞ்சியைக்கூட நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன். அவரை யார் நம்பினா? நான் உன்னைத்தான் நம்பினேன்."

மாமி கைகூப்பிவிட்டுப் படியிறங்கினாள். என்ன சொன்னாலும் அது இன்னொரு சொல்தானே.

சில மாதங்களில் கம்பெனி அவளை ஓய்வில் அனுப்பியது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் சேர்மனுக்கு வர்த்தக சபையில் மாலையும் சால்வையும் கிடைத்தன. பேப்பரில் படம் வரும். மாமா அந்தப் பக்கத்தை மடித்துவிட்டுக் கொடுப்பார். வீட்டுப் போன் அடித்தால் மாமி எடுக்கமாட்டாள். கேட் மூடியிருக்கிறதா என்றால் எட்டிப் பார்க்கப் போவதும் அப்போதுதான் ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. மாமா எடுத்து, "நோக்குத்தான். பெங்காலியில பேசறா" என்று நீட்டினார்.

"நான் மினதி பேசறேன்." நலம் விசாரிக்கவில்லை. "பொண்ணுக்கு தில்ஜலா பக்கம் ஒரு தோல் பை கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. அங்கெல்லாம் தீப்பிடிக்குதுன்னு சொல்றாங்க. முதலாளி நல்ல மனுஷன், வாசல் வழியெல்லாம் சரியா இருக்குன்னு மேஸ்திரி சொல்றான். என்னை உள்ளே விடமாட்டேங்கிறாங்க. நீ போய்ப் பார்ப்பியா?"

"நானா?" என்றாள் மாமி. "என்னை எப்படி..."

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. ஆனா இந்தக் கல்கத்தாவுல அன்னிக்கு அப்புறம் பார்க்காம சொல்லவே மாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சது நீ ஒருத்திதான்."

மாமி பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். பை மொத்தமாக வாங்க வந்திருப்பதாகச் சொல்லி, இங்கிலீஷில் பேசி, உள்ளே போனாள். மூன்றாம் மாடி வரைக்கும் மூச்சு வாங்க ஏறினாள். பின்பக்கப் படிக்கட்டுக்கான கதவு இரும்புக் கதவு. அதன்மேல் தோல் மூட்டைகள் சாய்ந்திருந்தன. கூட வந்த மேனேஜர் திரும்பிய நேரத்தில் மூட்டைக்கு இடையில் கையை விட்டு அதை இழுத்துப் பார்த்தாள். பூட்டு.

தெருவில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட பூத்துக்குள் நுழைந்து, மினதி காத்திருந்த தெருமுனை பூத்துக்குக் கூப்பிட்டாள்.

"மினதி, பின்னாடி கதவு பூட்டியிருக்கு. மூட்டை அடைச்சு வெச்சிருக்காங்க. பொண்ணை அனுப்பாதே."

அந்தப் பக்கம் பஸ் போகும் சத்தம் கேட்டது. பிறகு மினதியின் குரல்.

"ஷோத்தி?"

மாமி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பூட்டின் துரு ஒட்டியிருந்தது.

"ஷோத்தி" என்றாள்.