கொழுந்து நிறுத்த பிறகே வீடு திரும்பிய எங்கள் அம்மா

கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, அம்மாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதும்படி அண்ணன் சொன்னார். நல்லதைத்தான் எழுதுகிறேன். பட்ட பாட்டை மறைக்க மாட்டேன்.

அம்மா யட்டவத்த பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவர். குமரியாக இருக்கும்போதே பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனார். மரம் விழுந்து அப்பா இறந்த பிறகு எங்கள் மூவரையும் தனியாளாய் வளர்த்தார். காய்ச்சலடித்தாலும் விடியற்காலையில் அன்றைய கூலிக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போய் நிற்பார். "பேரு விழலன்னா சோறு விழாது" என்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல காலம் கழித்து மறதி நோய் வந்தது. முதலில் கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். பிறகு என் பெயரே போய்விட்டது. அண்ணன் கொழும்பில், தங்கை வெளிநாட்டில். அம்மா என்னோடு இருந்தார்.

விடிந்ததும், "பெரட்டுக்கு நேரமாச்சு, கூடைய எங்கடி ஒளிச்ச?" என்று கதவை இடிப்பார்.

"நீங்க பென்சன் எடுத்து எவ்வளவோ காலமாச்சும்மா" என்போம்.

"ஐயோ, என் பேர வெட்டிட்டாங்களா? பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுப்பேன்?" என்று மாரிலடித்து அழுவார். மறுநாள் எல்லாம் மறந்து மறுபடி கேட்பார், நாங்களும் அதையே சொல்வோம். நாங்கள்தான் அவர் பேரைத் தினமும் வெட்டினோம்.

முனி அடித்திருக்கிறது என்று தாயத்துக் கட்டினீர்கள். பெத்த தாயைப் பூட்டி வைக்கிறாள் என்றும் பேசினீர்கள். பூட்டாத அன்று அவர் ஓடையில் விழுந்து கிடந்ததை யார் வந்து பார்த்தீர்கள்? குளிப்பாட்டப் போய் அவரிடம் அறை வாங்கிய நாளில், "சாமி, அவங்கள எடு, இல்லாட்டி என்னைய எடு" என்று கோயில் வாசலில் நின்று கத்தினேன்.

கிளினிக்கில் ஒரு நர்ஸ் மிஸ்தான் சொன்னார்: "எதிர்த்துப் பேசாதீங்க. அவங்க எங்க நிக்கிறாங்களோ அங்க நீங்க போங்க. நீங்க ராவுல தூங்குறீங்களா?" அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் கூடைக் கயிற்றை அம்மாவின் தலையில் மாட்டி வீட்டுக்குப் பின்னால் விட்டேன். கொய்யா இலை, செம்பருத்தி இலை, கைக்கு அகப்பட்டதையெல்லாம் கிள்ளிப் போட்டார். வெயில் ஏறியும் உள்ளே வரவில்லை. "நிறுக்காம எப்படிடி வீட்டுக்குப் போறது?"

அந்த நேரம் மிளகு வாங்கும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், தராசோடு எங்கள் லயத்துப் பக்கம் வந்தார். விசயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை அவர். கூடையைத் தராசில் மாட்டி, "இன்னைக்கு நல்ல நிறைம்மா. பேர் போட்டாச்சு, வீட்டுக்குப் போங்க" என்றார். அம்மா உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார். அதற்குப் பிறகு நானா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கூடையை நிறுத்துப் பேர் போட்டுவிட்டுப் போவார்.

நோய் குணமாகவில்லை. கடைசி மாதங்களில் விழுங்கவும் மறந்தார். ஆனால் நானா வந்து போகும் அந்தச் சிறு நேரத்தில்தான் நான் குளித்தேன், ஒரு வாய் சோறு தின்றேன். கடைசி நாளும் வந்தார். அம்மாவின் கையில் நான் வைத்திருந்த இலைகளைத் தராசில் போட்டு, "பேர் போட்டாச்சும்மா" என்றார். அன்று பொழுது சாயும்போது அம்மா போய்ச் சேர்ந்தார்.

அந்த மிஸ்ஸுக்கும் நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. பாடை தூக்கியவர்களுக்கும் நன்றி. இனி எனக்கு ஆறுதல் சொல்ல வராதீர்கள். மேல் லயத்தில் ஒரு மருமகள் தன் மாமியாரோடு இதே பாடு படுகிறாள். அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அந்த நேரத்தில் அவள் தலைக்குக் குளிக்கட்டும்.