பேய் மிஷினில் சிவானந்தம் சுடாத குண்டு

எண்பத்தேழாம் வருசம் கோலசிலாங்கூர் பஸ் ஸ்டேஷன் பக்கத்தில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளி வீடியோ கேம் கடை போட்டிருந்தார். அந்தக் கடைக்குள் நரைத்த மீசையோடு போய் நின்ற ஒரே ஆள் சிவானந்தம்தான். சும்மா வேடிக்கை பார்க்கவா போனார்? மானம் போகிற விசயம். அதனால் போனார்.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் அவருக்குக் காட்டுப்பன்றி சுடுகிற வேலை. எண்ணெய்க்காகச் செம்பனைக் கன்றை நட்டு வைத்தால் பன்றி வந்து குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். அதற்காகத் தோட்டத்தில் ஒரு துப்பாக்கி. அதைத் தூக்க ஒரே ஆள், சிவானந்தம். அப்பன் ஆத்தாள் இல்லாமல் புல்லு வெட்ட வந்த பையன், மூணாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன், யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே குறி பிடித்துத் தானே உயர்ந்தவன். ஜெராம் வரைக்கும் போய் விசாரித்துப் பாருங்கள், அவர் சுட்ட பன்றிக் கறியைத் தின்னாத வாய் இருக்கிறதா என்று.

அப்படிப்பட்ட ஆளின் வலது கண்ணில் செம்பனை முள் ஒன்று கீறிவிட்டது. கிளினிக்கில் மருந்து போட்டுக் கட்டிவிட்டார்கள். கட்டைப் பிரித்ததும் கண் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் அதற்குள் வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் வீரன் ஆபிசில் போய் ஓதிவிட்டான்: "சிவானந்தத்துக்குக் கண்ணு போச்சு. ஆளுகீளைச் சுட்டு வச்சா யாரு பதில் சொல்றது?" துப்பாக்கியை ஆபிசில் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். அடுத்து அது யார் கைக்குப் போகப் போகிறது தெரியுமா? பாலன் கைக்கு. பாலன் யார்? மண்டோரின் அக்காள் மகன். விளங்கிவிட்டதா?

சிவானந்தத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காப்பிக் கடையில் நாலு பேர் இருக்கும்போதே மண்டோரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா வீரா, என் கண்ணு போச்சுன்னு எந்த டாக்டரு சொன்னான்?"

"டாக்டரு எதுக்கு? வயசு சொல்லுதுலா."

"உன் மருமவன் வாழ்க்கையில ஒரு கோழியைச் சுட்டிருப்பானா?"

மண்டோர் காப்பியை ஊதிக்கொண்டே சிரித்தான். "அவன் டவுன்ல பேய் மிஷின்ல என்ன போடு போடுறான்னு போய்ப் பாரு. கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள பத்துப் பேயி காலி. அந்த வேகம் உனக்கு வருமா? அவனை அந்த மிஷின்ல ஜெயிச்சுட்டா துப்பாக்கி உனக்கே. நானே ஆபிஸ்ல வந்து சொல்றேன். தோத்துட்டா வாயைத் திறக்கக் கூடாது."

"சரிடா," என்றார் சிவானந்தம். பேய் மிஷின் என்றால் என்ன என்று அப்போது அவருக்குத் தெரியாது.

மறுநாளே ஹோண்டா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு டிவி, முன்னால் வயர் கட்டிய ஒரு துப்பாக்கி. காசைப் போட்டதும் இருட்டில் ஒரு கதவு திறந்தது. உள்ளே நடக்கிற ஆள் கண்ணில் படவே மாட்டான், ஏனென்றால் அந்த ஆளே நாம்தான். நம் கண்ணுக்கு நேராக ஒரு கல்லறைத் தோட்டம் வருகிறது. மண் பிளந்து பிணங்கள் எழுந்து நேராக நம் மூஞ்சிக்குத்தான் வருகின்றன. பக்கத்திலிருந்து வௌவால் பாய்கிறது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொம்பளை அலறுகிறாள்.

சிவானந்தம் பன்றிக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கிக் குறி பார்த்தார். குறி சேர்வதற்குள் மூன்று பிணம் அவரைக் கடித்துவிட்டது. ஆட்டம் முடிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அங்கிள், தூங்கிட்டீங்களா?" என்றார் தவுக்கே, நல்ல தமிழில்.

இதைக் கேட்டு வேறு ஒருவன் வீட்டுக்குத் திரும்பியிருப்பான். சிவானந்தம் திரும்புகிற ஆளா? வேலை முடிந்ததும் தினமும் போனார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சுட வேண்டும் என்று கண்டுபிடித்தார். காயம்பட்ட பன்றி திரும்பிப் பாயும்போது குறி பார்க்கவா நேரம் இருக்கும்? கை தானாகப் போகும். அதே கையை இங்கே கொண்டுவந்தார். குண்டு தீர்ந்தால் துப்பாக்கியைத் திரைக்கு வெளியே திருப்பி ஒரு தட்டு தட்டினால் மறுபடி நிறையும், அதையும் பழகிக்கொண்டார். இடையிலே வெள்ளைச் சட்டை போட்ட பெண் ஓடுவாள், அவளைச் சுட்டால் நம் உயிர் குறையும். பையன்கள் அவளை அடித்துவிட்டுத் திட்டுவார்கள். சிவானந்தம் ஒரு தடவைகூட அவளை அடித்ததில்லை.

மனைவி லீலாவதிக்குப் பொறுக்கவில்லை. "இந்த வயசுல பேயைச் சுடப் போறாராம் பேயி! ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்டி. திருட்டுப் பயலுவ முன்னாடி நான் குனிஞ்சு நிக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டி. தோட்டத்திலிருந்து லோரி பிடித்து ஆள் வந்திருந்தது. கடைக்குள் நிற்க இடமில்லை. நாணயம் சுண்டிப் போட்டதில் முதல் ஆட்டம் சிவானந்தத்துக்கு விழுந்தது.

அன்றைக்கு அவர் சுட்ட அழகை நேரில் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். கல்லறை தாண்டியது. பாழடைந்த ஆஸ்பத்திரி தாண்டியது. தலையில்லாத முண்டங்கள் படிக்கட்டில் உருண்டு வந்தன, ஒன்றும் கீழே வந்து சேரவில்லை. "அடியேய், மனுசன் கையா அது!" என்று ஒரு பொம்பளை கத்தினாள். மண்டோர் வீரன் முகம் கறுத்துவிட்டது. அதுவரை சிவானந்தம் பார்த்தே இராத கடைசிக் கட்டம் திறந்தது.

ஒரு பெரிய மரம். மரத்தடியில் புகை. புகைக்குள்ளிருந்து எழுந்து நின்றது ஒரு உருவம். உருட்டு விழி, முறுக்கு மீசை, கையில் அரிவாள், காலடியில் ஒரு கறுப்பு நாய்.

மிஷின் செய்தவன் எந்த நாட்டுக்காரனோ, எந்தப் பூதத்தை நினைத்து வரைந்தானோ! சிவானந்தத்துக்கு அது முனியாண்டி. தோட்டத்து எல்லையில் ஆலமரத்தடியில் நிற்கிற அதே முனியாண்டி. வேட்டைக்குப் போகுமுன் துப்பாக்கியை அவர் காலடியில் கிடத்தி, உத்தரவு வாங்கிவிட்டுத்தான் போவார்கள். அவர் நிற்கிற திசைக்குக் குழலைத் திருப்ப மாட்டார்கள். இது அந்தத் தோட்டத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

சிவானந்தம் குழலைத் தரைக்குத் தாழ்த்தினார். இன்னொரு கை தானாக நெஞ்சுக்குப் போனது. அரிவாள் அவர் மேல் விழுந்தது. திரை முழுக்கச் சிவந்து ஆட்டம் முடிந்தது.

கடை முழுக்கச் சிரிப்பு. "பாத்தீங்களா? எதுக்க நிக்கிறது என்னன்னே தெரியல. கண்ணு போச்சுன்னு சொன்னேனா இல்லையா?" என்று மண்டோர் துள்ளினான்.

அடுத்து பாலன் ஆடினான். நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்லக் கூடாது. கடைசியில் அந்த உருவம் எழுந்தது. பாலன் தடதடவென்று சுட்டான். உருவம் துண்டு துண்டாகச் சிதறி விழுந்தது. ஜெயித்துவிட்டான்.

சிவானந்தம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "டேய் பாலா, யாரைடா சுட்ட?"

"பேயை, சித்தப்பா."

"அரிவாள் எந்தக் கையில இருந்துச்சு?"

"அதையெல்லாம் யாரு பாத்தா?"

"இடது கை. காலடியில கறுப்பு நாயி, அதுக்கு ஒரு காது கிழிஞ்சிருந்துச்சு. மீசையை மேல முறுக்கியிருந்தாரு. கண்ணு தெரியாமலா நான் நிறுத்தினேன்? கண்ணு தெரிஞ்சதாலதான்டா நிறுத்தினேன்! நீ குருடன் மாதிரி சுட்டுட்டு நிக்கிற. முனியாண்டியைச் சுட்டிருக்கடா, பாவி!"

தவுக்கே தலையை ஆட்டினார். "அங்கிள் சொல்றது சரி. நாய் இருக்கு, காது கிழிஞ்சிருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. பாலன் திரையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். மண்டோர் மட்டும், "ஆட்டம்னா ஆட்டம்தான், பாலன் ஜெயிச்சான்லா," என்று வெளியே நடந்தான். இதுவா நியாயம்? வேகமாகச் சுடுகிறவன் கையில் கொடுத்தால் ஒருநாள் பன்றி என்று நினைத்து மனுசனைச் சுடமாட்டானா? அதைக் கேட்க ஒரு நாதி இல்லை. சிவானந்தம் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

ஆனால் பாலன் வீட்டில் வேறு கூத்து. அவன் ஆத்தாள் வேலம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆலமரத்தடிக்குப் போய்ச் சேவல் அறுத்தார்கள். அப்போதும் பாலனுக்குப் பயம் தெளியவில்லை. இருட்டுகிற நேரத்தில் துப்பாக்கியோடு எல்லைப் பக்கம் போவதா? "என்னால முடியாது மாமா, துப்பாக்கியே வேணாம்," என்று மண்டோரிடம் சொல்லிவிட்டான். அதற்குள் பன்றி புதுக் கன்று ஒரு வரிசையையே முடித்திருந்தது. தோட்டத்து மேனேஜர் துரை ஆபிசில் கத்தினார்.

மறுநாள் காலை பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கும்போது, மண்டோர் வீரன் மெதுவாகச் சிவானந்தத்தின் பக்கத்தில் வந்தான்.

"பாலனுக்கு மனசு சரியில்ல. நீயே துப்பாக்கியை எடுத்துக்க."

"பயந்தவன் போட்டுட்டுப் போனதைப் பொறுக்க நான் என்ன பிச்சைக்காரனா?"

"பின்ன என்னதான்யா வேணும்?"

"என் கண்ணு போச்சுன்னு ஊரு முழுக்கச் சொன்னேல்ல? நல்லாருக்குன்னு சொல்லு. ஊரு முழுக்கச் சொல்லு."

மண்டோர் பல்லைக் கடித்தான். துரையின் ஜீப் ஆபிஸ் வாசலில் நின்றது. "இவனுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"எவனுக்கு?"

"சிவானந்தத்துக்கு."

"பின்னாடி நிக்கிற பொம்பளைங்களுக்குக் கேக்கலியாம்."

"சிவானந்தத்துக்குக் கண்ணு நல்லா இருக்கு! நான் சொன்னது பொய்யி! போதுமா?"

சிவானந்தம் துப்பாக்கியை வாங்க ஆபிஸ் பக்கம் நடந்தார்.