ஆத்தாளின் வலது தோள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று அஞ்சு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நோட்டை எடுப்பேன், மேலே 'ஆத்தா துணை' என்று எழுதுவேன். அந்தப் பேரைப் பார்த்ததும் கை நின்றுவிடும். அந்த ஒரு வரியோடு நிற்கும் பக்கங்களே ஏழெட்டு இருக்கும். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதத் தடுமாறுவான்தான். ஆனால் என் தடுமாற்றம் படிப்பால் வந்ததில்லை.

இன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரி மாடியிலிருந்து வடகத்தை அப்படியே துணியோடு சுருட்டிக் கீழே கொண்டுவந்தாள். "மூணு நாளாச்சி, காயலைங்க. உங்க டவரு வெயிலை முழுங்குது" என்றாள். 'உங்க டவரு' என்றதுதான் சுருக்கென்றது.

எதிரே பதினாலு மாடி. பச்சை வலையைப் போர்த்திக்கொண்டு, உச்சியில் கிரேனோடு நிற்கிறது. நம் தர்மபுரியில் இவ்வளவு உயரத்தை யார் கண்டது? டீக்கடையில் ஒருத்தர், "உச்சியில நின்னா ஒகேனக்கல் அருவி தெரியுமாங்க" என்றார். "அருவி கெடக்கட்டும், எங்க வூட்டுக் கொடியில காயற துணியெல்லாம் தெரியுமே, அதுக்கு என்ன பண்றது?" என்றார் இன்னொருத்தர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதில் நாலாவது மாடியில் எனக்கும் ஒரு வீடு வரப்போகிறது. அதுவரைக்கும் எதிர்வரிசையில் வாடகைக்கு இருந்துகொண்டு, என் பழைய வீடு இருந்த இடத்தை ஓசியில் வேடிக்கை பார்க்கிறேன்.

மதியத்தில் புதுத் தளத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். ஈரச் சிமெண்டு வாசம் தெருவுக்கு வரும். என்னை அது நேராக ராஜம்மா அக்கா வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பழைய வரிசையில் அவர் என் அடுத்த வீடு. விடிய பாலக்கோட்டுக்குப் போய் மார்க்கெட்டில் தக்காளி எடுத்துவந்து, வாசலில் தண்ணி தெளித்து, கூடைகளை வரிசையாக வைப்பார். ஈர மண்ணும் தக்காளிக் காம்பும் சேர்ந்து ஒரு பச்சை வாசம் அடிக்கும். அப்போது நான் லாரி ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பழத்தைத் தூக்கிப் போடுவார். "இந்தா தம்பி, கடிச்சிக்கிட்டே போ. சட்டையில வுட்டுக்காத."

நான் வருஷா வருஷம் மாரியம்மனுக்கு விரதம் இருப்பவன். அதிலும் அக்காவுக்குக் கிண்டல்தான். "எட்டு இட்லி துன்னுட்டு விரதமாம். நான் சாதாரணமாவே நாலுதான் துன்றேன். அப்ப நான் யாரு, சாமியாரா?"

எங்கள் வரிசை பதினோரு வீடு. கடைசியில் வேப்பமரம், அதன் அடியில் எங்கள் மாரியம்மன் ஆத்தா. நாலு பேர் நின்றால் அஞ்சாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டிய அளவுக் கோயில். எதுவானாலும் அங்கே பூ கேட்போம். பெண் கொடுக்கலாமா, போர் போடலாமா, எல்லாமே. மொபட் வாங்க ஒருத்தர் பூ கேட்டு, ஆத்தா வேண்டாம் என்று சொல்லி, அவர் கடைசிவரை சைக்கிளிலேயே போனார். ஆத்தாளின் ரெண்டு தோளிலும் ஈர அரளிப்பூவை ஒட்டிவைப்பார்கள். வலது தோள் பூ முதலில் விழுந்தால் உத்தரவு, இடது விழுந்தால் கூடாது. பூசாரி பார்க்கக் கூடாது. முதுகைத் திருப்பி மணி அடிப்பார். விரதம் இருக்கிற ஒருத்தர் வாசப்படியில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அந்த ஒருத்தர் நான்தான்.

பணமோ பிளாட்டோ தருகிறோம், அடுக்குமாடி கட்ட வேண்டும் என்று வரிசையை மொத்தமாகக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். கோயிலை வேறு மூலையில் கட்டித் தருகிறோம் என்றார்கள். பத்து வீடு சம்மதித்தது. என் வீடு அதில் ஒன்று. மழைக்கு நாலு இடத்தில் பாத்திரம் வைத்து அலுத்துப்போயிருந்தோம். ராஜம்மா அக்கா மட்டும், "புருசன் கட்டின வூடு. நீங்க சொன்னா போவ மாட்டேன். ஆத்தா சொன்னா போறேன்" என்றார்.

பூ கேட்டோம். தெருவே வெளியே நின்றது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூ விழுந்தது. என் வலது கைப்பக்கம். "வலது!" என்று கத்திவிட்டேன்.

பூசாரி திரும்புவதற்குள் மற்றப் பூவும் விழுந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் உறைத்தது. என்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பவளுக்கு என் வலது, இடது அல்லவா? நூறு தடவை பார்த்துச் சொன்னவன் நான். அன்றைக்கு ஏன் தவறினேன்? மனசுக்கு எது வேண்டுமோ அதை வாய் சொல்லிவிட்டது. வாய் தவறியது ஒரு நொடி. திருத்திச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, உத்தரவாச்சி" என்றார்.

பாலக்கோட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவார். ஆத்தாளை இப்போது கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஜெனரேட்டர் ரூமை ஒட்டி, டைல்ஸ் போட்ட அறையில் வைத்திருக்கிறார்கள். போன மாசி மாதம் ஒரு வெள்ளி, பஸ் தாமதமாகி மதியம்தான் வந்தார். நானும் கூடப் போனேன். கேட்டில் புது வாட்ச்மேன், பிளாட் பார்க்க வருகிறவர்கள் எழுதும் நோட்டை நீட்டினான்.

"யாரைப் பாக்கணும்?"

"ஆத்தாளை" என்றார் அக்கா.

"எந்த பிளாட்டுங்க?"

அக்கா சிரித்துவிட்டார். "அவளுக்கும் ஒரு பிளாட்டு குடுத்துட்டாங்களா தம்பி?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுக்கு வெளியே, மணல் குவியலுக்குப் பக்கத்திலேயே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். என் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப என்னை இருன்னுதான் சொல்லுச்சா?"

"ஆமாங்க்கா."

"அய்யோ, நான் இத்தன வருசமா அவளைக் கும்புடலையே தம்பி. கும்புடறதுக்கா வர்றேன்னு நெனச்ச? என்னை ஏண்டி தொரத்துனன்னு கேக்கத்தான் வாரா வாரம் வந்தேன். திருநீறுகூடத் தொடலையே."

விறுவிறு என்று உள்ளே போனார். அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. மதியம் சாத்திவிடுவார்களாம், சாயங்காலம்தான் திறப்பார்களாம். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெனரேட்டர் சத்தத்தில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு நேராகப் போய் பஸ் ஏறினார். மூன்று வெள்ளி ஆகிவிட்டது. வரவில்லை. போன் போட்டால் மகள்தான் எடுக்கிறாள். "அம்மா பேசமாட்டேங்குதுங்க" என்கிறாள்.

வேப்பமரம் போச்சு, வரிசை போச்சு. பூ கேட்கவும் இப்போது யாரும் வருவதில்லை. மிச்சம் இருப்பது ஒரு பேச்சுதான்: ஆத்தாளே வலது கொடுத்துத்தான் இந்தக் கட்டடம் எழும்பிச்சு என்று. புதுக் கோயில் சுவரில் அதைக் கல்லில் வெட்டி வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

படிக்கிற உங்களுக்குக் கோடி கும்பிடு. நாலு பேருக்குச் சொல்வீர்களானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பாவம், வாய் தவறிவிட்டான் என்று என்னை நல்லவனாக்க வேண்டாம். நான் சொன்னது பொய் என்றே சொல்லுங்கள். ஆத்தா அந்த அம்மாளை இருக்கத்தான் சொன்னாள்.